ஜீப்புக்கு இரண்டு நோய் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் 2001 ராங்லரில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பி0455 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. பெட்ரோல் ஆவித் தடத்தில் பெரிய கசிவு என்று அர்த்தம். போதாக்குறைக்கு, சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் 700-இல் நிற்காமல் ஆயிரத்தைத் தாண்டி ஏறி இறங்குகிறது. நீயும் ஒன்றுக்கு டாங்க் மூடி, மற்றதற்கு ஐடில் மோட்டார் என்று வாங்கி மாட்டிவிட்டுத்தான் கடிதமே எழுதியிருக்கிறாய். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாதா?

"மூடியைத்தானே எல்லோரும் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்?" என்பாய். விளக்கு மட்டும் எரிந்திருந்தால் சரிதான். டாங்கில் எழும் ஆவி கரி நிரப்பிய கேனிஸ்டருக்குப் போய், அங்கிருந்து பர்ஜ் வால்வு வழியாக என்ஜினுக்குள் நுழைகிறது. வால்வு ஒழுங்காக மூடியிருந்தால், டாங்க் பக்கம் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் ஐடிலிங் மாறாது. உனக்கு மாறுகிறதே! அப்படியானால் தேட வேண்டிய இடம் என்ஜின் பக்கம்.

முதல் சந்தேகம் அந்தப் பர்ஜ் வால்வு மேலேயே. அது முழுக்க மூடாவிட்டால், மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் என்ஜின் கேனிஸ்டரை உறிஞ்சும். இந்த வண்டியில் லீக் டிடெக்ஷன் பம்ப் என்று ஒன்று உண்டு. அது டாங்குக்குள் காற்றை லேசாக அடைத்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும். அடைத்த காற்றை என்ஜின் குடித்துவிட்டால் கம்ப்யூட்டர் பெரிய கசிவு என்றுதான் சொல்லும். அடுத்த சந்தேகம், அந்தப் பம்பை இயக்கும் வேக்கம் ஹோஸ். வருஷக்கணக்காக வெந்து மொறமொறத்துப் போயிருக்கும். பி1494 குறியீடும் கூட வந்தால் அதை முதலில் பார்.

"ஐடில் மோட்டார் கெடாமல் ஆர்பிஎம் எப்படி ஏறும்?" இந்த 4.0 லிட்டர் என்ஜின் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. திருட்டுக் காற்று நுழைந்தால் அழுத்தம் கூடும், பெட்ரோலும் கூடும், வேகமும் கூடும். பாவம் அந்த மோட்டார், தன் காற்று வழியை முழுக்க மூடித்தான் பார்க்கும். அதற்கு மேல் அது என்ன செய்யும்?

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய். அப்போது பர்ஜ் வால்வு மூடியிருக்க வேண்டும். அதன் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வை. உறிஞ்சினால் வால்வுதான் குற்றவாளி. இல்லையென்றால் பம்புக்குப் போகும் வேக்கம் ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் கழற்றி, அந்த வாயை அடைத்துப் பார். ஆர்பிஎம் இறங்கி நின்றால் கசிவு அந்த ஹோஸ் பக்கம்தான்.

கசிவு தேடுகிறேன் என்று பிரேக் கிளீனரைப் பீய்ச்சாதே. இந்த என்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், சூட்டில் தீப்பிடிக்கலாம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை ஆவி ஹோஸில் வைக்கவே வைக்காதே. புகை விட்டுக் கசிவு பார்க்கும் கருவியே ஒரு பிஎஸ்ஐ-க்கும் குறைவான அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது.

ஸ்மாக் (வாகனப் புகை) சோதனைக்கு முதல்நாள் குறியீட்டை அழித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? குறியீட்டை அழித்தால் வண்டி தானே செய்துவைத்த உள்சோதனைகளின் முடிவுகளும் அழிந்துபோகும். கலிபோர்னியாவில் அதையும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழுது பார்த்த பிறகு அழி. டாங்க்கைப் பாதியளவில் வை. நிரம்பியிருந்தாலும் வற்றியிருந்தாலும் ஆவிச் சோதனை ஓடாது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் எடுத்து ஓட்டு. சில நாள் அப்படி ஓட்டிவிட்டு எழுது. முதல்நாள் விளக்கு எரியவில்லை என்று உடனே எழுதிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்