வீடு மாறினால் வங்கியும் மாற வேண்டுமா?

கும்பகோணத்திலிருந்து புனேவுக்குக் குடிவந்த நாலாவது நாள். அட்டைப்பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. அபார்ட்மென்ட் வாசலில் குடை விரித்து மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பையன், பத்தே நிமிடத்தில் வங்கிக் கணக்கு என்றான். ஆதார், பான், கைரேகை. சொன்னபடியே பத்து நிமிடம்தான். எட்டு மாதம் கழித்து அதை மூடப் போனபோது அரை நாள் போயிற்று, கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள். பெரும்பாலான வங்கிகளில் கணக்குத் திறந்த 14 நாளுக்குள் மூடினாலோ, ஒரு வருடம் கழித்து மூடினாலோ இந்தக் கட்டணம் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

மூடியதற்குக் காரணம் மினிமம் பேலன்ஸ். மாத சராசரி 10,000 ரூபாய் இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு நாளும் இரவில் மீதமிருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பதுதான் சராசரி. 30 நாள் மாதத்தில் ஒன்றரை லட்சம் இரண்டே நாள் இருந்தால்கூடப் போதும். இது தெரியாமல், மாதக் கடைசியில் பத்தாயிரம் இருந்தால் சரி என்று நினைத்து நாலு மாதம் அபராதம் கட்டினேன்.

எதற்குப் போகிறோம்?

புனேயின் ராஸ்தா பேட்டில் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். அங்கே காபிப் பொடி வாங்கப் போன இடத்தில் பழக்கமான ஒரு மாமியிடம் புலம்பினேன். "நாப்பது வருஷமா இங்க இருக்கேன், என் அக்கவுன்ட் இன்னும் ஊர்லதான் இருக்கு. பணம்தான் போன்லயே போறதே, நீ பேங்குக்கு எதுக்குடி போற?" என்றார்.

அன்றிரவு நோட்டை எடுத்து, முந்தைய ஒரு வருடத்தில் வங்கிக்கு எதற்கெல்லாம் போனேன் என்று எழுதிப் பார்த்தேன். நகை லாக்கருக்கு மூன்று தடவை. பையனின் கல்லூரிக்கு டிடி எடுக்க ஒரு தடவை. மாமியாரின் டெபாசிட்டைப் புதுப்பிக்க இரண்டு தடவை. அவ்வளவுதான். எனக்கு வேண்டியது புதுக் கணக்கு இல்லை, ஒரு லாக்கரும் மாமியாருக்கு ஏற்ற ஒரு கிளையும்.

பழைய வங்கிக்கே உங்கள் புது ஊரில் கிளை இருந்தால் வேலை இன்னும் சுலபம். கணக்கை அந்தக் கிளைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பெரும்பாலும் கணக்கு எண் மாறாது, ஐஎஃப்எஸ்சி எண் மட்டும் மாறும். என் வங்கிக்குப் புனேயின் மறுகோடியில்தான் கிளை. அதனால் தேட வேண்டியதாயிற்று.

லாக்கர் கேட்கும்போது

முதல் கிளையில், இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்று எடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது கிளையில் ஐந்து லட்சம் டெபாசிட் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து ரிசர்வ் வங்கியின் விதியைப் படித்தேன். லாக்கருக்காக வங்கி கேட்கக்கூடிய டெபாசிட், மூன்று வருட வாடகையும் பூட்டை உடைக்கும் செலவும் சேர்ந்த அளவுதான். லாக்கர் காலியில்லை என்றால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு காத்திருப்பு எண் தர வேண்டும். மூன்றாவது கிளையில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. தீயாலோ திருட்டாலோ ஊழியர் மோசடியாலோ நகை போனால் வங்கியின் பொறுப்பு, வருட வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எத்தனை பவுனுக்குக் காணும்?

அரை சதவீத ஆசை

மகாராஷ்டிரத்தில் தெருவுக்குத் தெரு கூட்டுறவு வங்கி. அரை சதவீதம் வட்டி கூடுதல் என்றதும் மாமியாருக்கு ஆசை. தவறில்லை. ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். வங்கி முடங்கினால் டெபாசிட் காப்பீடு தருவது ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், அசலும் வட்டியும் சேர்த்து. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. கும்பகோணம் கிளையில் மூன்று, புனே கிளையில் மூன்று என்று பிரித்துப் போட்டாலும், ஒரே வங்கி என்றால் மொத்தமே ஐந்துதான். இந்த ஊரின் ரூபீ கூட்டுறவு வங்கி 2013 முதல் கட்டுப்பாட்டில் கிடந்து, 2022-ல் உரிமத்தை இழந்தது. நாங்கள் ஒரே இடத்தில் நாலரை லட்சத்துக்கு மேல் போடுவதில்லை. மிச்ச இடம் வட்டிக்கு.

மாதம் பிறந்ததும் போய்ப் பாருங்கள்

கிளையைப் பார்க்கச் சரியான நேரம் மாதத்தின் முதல் வாரம், காலை பதினொரு மணி. கூட்டம், உட்கார நாற்காலி, ஏற வேண்டிய படிகள் எல்லாம் அப்போது தெரிந்துவிடும். மாமியாரை உடன் அழைத்துப் போனேன். முதல் மாடியில் இருந்த இரண்டு கிளைகளை அவர் முழங்காலே கழித்துவிட்டது. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் சேவையையும் கேளுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே கிளையின் குணம் தெரியும்.

முகவரிக்குப் பயப்பட வேண்டாம். ஆதாரில் கும்பகோணம் முகவரிதான் இருந்தது. புனே முகவரியை நானே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்ததை ஏற்றுக்கொண்டார்கள்.

பழையதை உடனே மூடாதீர்கள்

கேஸ் மானியம் வரவில்லை என்று இரண்டு மாதம் தேடினேன். அது வாசலில் திறந்த கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அரசு மானியம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்தது நான்தான். எல்ஐசி பிரீமியம், எஸ்ஐபி, பிஎஃப், வருமான வரி ரீஃபண்ட் என்று கணக்கோடு கட்டிப்போட்ட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறு மாதம் பொறுத்து மூடலாம். வைத்துக்கொள்வதானால், அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். இரண்டு வருடம் அசையாத கணக்கு முடங்கும். பத்து வருடம் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது ஊர்க் கணக்கு அப்படியே இருக்கிறது, இங்கே தரைத்தளத்தில் ஒரு கிளை. மாதம் பிறந்தால் மாமியார் பாஸ்புக்கை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கவுன்ட்டர் பெண் "ஆஜி" என்று மராத்தியில் ஏதோ கேட்கிறாள், இவர் தமிழிலேயே பதில் சொல்கிறார், பாஸ்புக் பதிவாகி வந்துவிடுகிறது. எனக்குத்தான் லாக்கர் இன்னும் வரவில்லை. வரிசையில் பதினோராவது ஆள்.