கோடு யாருடையது?

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். 1923, 1928, 1937, 1955, 1971, 2006 என்று டிஸ்னி கம்பெனியின் மைல்கற்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டிப் படம் போட்டு, மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாய். எழுத்து அழகு. மிக்கியின் காதுதான் கொஞ்சம் சப்பை. தீம் பார்க் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது, ஒப்பந்தமும் வந்துவிட்டது, சேர்வதற்குள் என்ன படிக்கலாம் அண்ணா என்று கேட்டிருந்தாய். முதலில் அந்த ஒப்பந்தத்தைப் படி. ஏன் என்று சொல்ல உன் சுவரில் இருக்கும் வருஷங்களே போதும்.

1923-ஐச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கான்சாஸ் சிட்டியில் நடத்திய ஸ்டுடியோ திவாலாகி, 21 வயசில் கலிபோர்னியாவுக்கு ரயிலேறினார் வால்ட் டிஸ்னி. அண்ணன் ராயைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அக்டோபர் 16-ல் கம்பெனி ஆரம்பித்தார்.

1928-க்கு நீ கப்பலில் விசிலடிக்கும் மிக்கியைப் போட்டிருக்கிறாய். அந்த வருஷம் அப்படிச் சந்தோஷமாகத் தொடங்கவில்லை. அப்போது அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது ஆஸ்வால்ட் என்ற முயல். படத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்கலாம் என்று பிப்ரவரியில் நியூயார்க் போனார் வால்ட். விநியோகஸ்தர் சார்ல்ஸ் மின்ட்ஸ், தொகையைக் குறைப்பேன் என்றார். முயலின் உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. வால்டிடம் வரைந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தார். ஊரே பார்த்துச் சிரித்த முயல், அதை உருவாக்கியவர்களுக்குச் சொந்தமில்லை. காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

போகாமல் நின்றவர்களில் முக்கியமானவர் அப் ஐவர்க்ஸ். முயலின் இடத்துக்கு வந்த மிக்கிக்கு உருவம் கொடுத்த கை அவருடையது. மின்ட்ஸிடம் போகவிருந்தவர்கள் பாக்கி முயல் படங்களை அதே கட்டடத்தில் முடித்துக்கொண்டிருந்ததால், முதல் மிக்கி படமான 'பிளேன் கிரேஸி'யை அவர் ஒளித்து வைத்து வரைய வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு 700 படம் போட்டார் என்பார்கள். நீயும் நானும் நாளுக்கு இருபது ரஃப் போட்டாலே கை வலிக்கிறது என்று தேநீர்க் கடைக்குக் கிளம்பிவிடுவோம். நவம்பர் 18-ல் நியூயார்க் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' ஓடியது. ஒலியோடு அசைந்த எலி உலகத்தைப் பிடித்தது.

உன் சுவரில் இல்லாத ஒரு மைல்கல்லைச் சொல்கிறேன், எழுதிக்கொள்: 1930 ஜனவரி. மனஸ்தாபத்தில் ஐவர்க்ஸ் விலகினார். கம்பெனியில் அவருக்கு நூற்றுக்கு இருபது பங்கு இருந்தது. அதை 2,920 டாலருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பங்கு இன்றைக்கு என்ன பெறும் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தால் உனக்கும் எனக்கும் தூக்கம் போய்விடும். பத்து வருஷம் கழித்து அவர் அங்கேயே வேலைக்குத் திரும்பினார் என்பதும் நடந்த கதைதான்.

1937-ன் 'ஸ்னோ ஒயிட்' பற்றி நீயே நிறையப் படித்திருப்பாய். 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று ஹாலிவுட் கேலி பேசிய படம், வந்து வசூலைக் குவித்தது. நான் உன்னை நிறுத்திவைக்க நினைப்பது 1941-ல். மே 29 அன்று ஸ்டுடியோ வாசலில் மறியல் அட்டைகளோடு ஓவியர்கள் நின்றார்கள். ஒரே வேலைக்கு ஆளுக்கொரு சம்பளம். திரையில் பேர் வராது. ஆர்ட் பாபிட் என்ற பெரிய அனிமேட்டரைத் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆஸ்வால்டைப் பறிகொடுத்த அதே மனிதர்தான் இப்போது வாசலுக்கு உள்ளே நின்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த இடத்தில் மட்டும் இல்லை.

அந்தச் சண்டையில் சேராமலே அடிபட்டவர் டைரஸ் வாங். சீனாவிலிருந்து சின்ன வயசில் வந்தவர். 1938-ல் இன்-பிட்வீன் வேலையில், அதாவது ஒரு அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள படங்களை வரைந்து நிரப்பும் கடைநிலை வேலையில் சேர்ந்தார். 'பாம்பி' படத்துக்குக் காட்டை எப்படிக் காட்டுவது என்று எல்லோரும் இலை இலையாக வரைந்து திணறிக்கொண்டிருந்தபோது, சோங் காலத்துச் சீன நிலக்காட்சி ஓவியம் போல, பனியும் நாலைந்து மரமுமாகச் சின்னச் சின்ன ஓவியங்கள் போட்டுக் காட்டினார். முழுப் படமும் அந்தச் சாயலில்தான் வந்தது. வேலைநிறுத்தம் முடிந்த கையோடு அவரை அனுப்பிவிட்டார்கள். 1942-ல் படம் வெளியானபோது பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் அவர் பேர் இருந்தது. கம்பெனி அவரைக் கூப்பிட்டுக் கௌரவித்தது 2001-ல்; அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. 'பாம்பி'யை மறுபடி பார். கதையை விடு, மரங்களுக்கு நடுவே அவர் விட்டு வைத்த வெற்றிடத்தைப் பார்.

இனி உன் தொழிலுக்கு வருகிறேன். 1953 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை காலை. ஹெர்ப் ரைமன் முன்பு டிஸ்னியில் இருந்துவிட்டு வெளியே போனவர். வால்ட் போன் போட்டுக் கூப்பிட்டார். டிஸ்னிலேண்ட் பூங்காவுக்குப் பணம் திரட்ட ராய் நியூயார்க் போகப் போகிறார், காட்டுவதற்குப் படம் வேண்டும். எங்கே படம், பார்க்கலாம் என்று ரைமன் கேட்டதற்கு, நீதான் போடப் போகிறாய் என்று பதில் வந்தது. முடியாது என்றார் ரைமன். கூடவே உட்கார்ந்திருக்கிறேன் என்று வால்ட் சொல்லி, சொன்னபடி இரண்டு நாளும் உட்கார்ந்தும் இருந்தார். திங்கட்கிழமைக்குள் பெரிய தாளில் பென்சிலால் ஒரு பருந்துப் பார்வைப் படம் தயார்: சுற்றிலும் ரயில், வாசலிலிருந்து நேராக ஒரு கடைத்தெரு, அது போய் முடியும் நடுத்திடல், அங்கிருந்து கோட்டை, கிளை பிரியும் உலகங்கள்.

அந்தப் படத்தின் நகலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார். பூங்காவின் விவரம் பாதி முடிவாகாத நேரத்தில் போட்டது. ஆனால் கால் எந்த வழியில் போகும், கண் எதைப் பார்த்து நடக்கும் என்பது மட்டும் அதில் துல்லியமாக இருக்கிறது. சினிமா செட் போடுகிறவனுக்குக் கேமரா ஒரு பக்கத்திலிருந்துதான் பார்க்கும். உனக்கு அந்த வசதி கிடையாது. கைக்குழந்தையோடு வருகிறவள் எந்தப் பக்கத்திலிருந்தும் வருவாள், அவளுக்கு நிழலும் வேண்டும். 1955 ஜூலை 17, திறப்பு நாளன்று டிஸ்னிலேண்டில் கள்ள டிக்கெட்டோடு கூட்டம் முண்டியது; புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் ஹை ஹீல்ஸ் பதிந்தது; பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாயா கழிப்பறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். சரியான முடிவு என்பேன். கோட்டை வரைவதற்கு முன் கழிப்பறை எங்கே என்று கேட்கிற ஓவியனாக நீ இருக்க வேண்டும்.

கோட்டைக்கும் ஒரு கதை உண்டு. பவேரியாவின் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை அப்படியே உரித்துவைத்த மாதிரி இருக்கிறதே என்று சங்கடப்பட்ட ரைமன், மாதிரியின் மேல்பாகத்தைக் கழற்றி, முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வைத்தார். கூட இருந்தவர்கள் பழையபடி வை என்று பதறும்போதே வால்ட் உள்ளே வந்தார். அவருக்குத் திருப்பியதுதான் பிடித்தது. அப்படியே கட்டினார்கள்.

இப்போது ஒப்பந்தம். முயலை இழந்தவர் என்ன கற்றார் தெரியுமா? 1952 கடைசியில் தனக்கென்று தனிக் கம்பெனி ஒன்று தொடங்கினார். 'வால்ட் டிஸ்னி' என்ற தன் பேரையே தன் ஸ்டுடியோவுக்கு உரிமத் தொகை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். டிஸ்னிலேண்டைச் சுற்றிய நீராவி ரயில்கூட அந்தக் குடும்பக் கம்பெனியுடையது. பின்னாளில் அதற்கு ரெட்லா என்று பேர் வைத்தார்கள். வால்டர் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் போட்ட பேர். 1980-களின் தொடக்கத்தில்தான் பெரிய கம்பெனி அந்த உரிமைகளை விலை கொடுத்து வாங்கியது. உன் சுவரில் 2006-க்குப் பிக்ஸாரைப் போட்டிருக்கிறாய், 740 கோடி டாலர். அதே வருஷம்தான் ஆஸ்வால்டும் வீடு திரும்பியது. டிஸ்னியின் விளையாட்டுச் சேனலில் இருந்த வர்ணனையாளர் ஒருவரை என்பிசிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வாங்கியவற்றில் முயலும் ஒன்று. எழுபத்தெட்டு வருஷம்!

என் கதை சின்னது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பூங்காவின் நுழைவாயிலுக்குக் குரங்கு முகம் ஒன்று வரைந்து கொடுத்தேன். அட்வான்ஸ் ரொக்கமாக வந்தது, பேப்பர் எதுவும் கிடையாது. பிறகு அதே முகத்தை இன்னொரு ஊரில் குழந்தைகள் ராட்டினத்திலும் தண்ணீர் பாட்டிலிலும் பார்த்தேன். என் மகளிடம் அப்பா வரைந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

நம் 1957 காப்புரிமைச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைத் தெரிந்துகொள். பிரிவு 17: வேலையில் இருந்துகொண்டு வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியுடையது. வெளியாளாகக் காசு வாங்கிக்கொண்டு போட்ட ஓவியமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆகவே பேச வேண்டியதைச் சேர்வதற்கு முன்னால் பேசிவிடு. பிரிவு 19: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 வருஷம், எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியா. 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்று பத்திரத்தில் ஏன் எழுதுகிறார்கள் என்பது இப்போது புரியும். பிரிவு 57: எல்லாவற்றையும் விற்ற பிறகும், இது நான் வரைந்தது என்று சொல்லும் உரிமை உன்னிடமே இருக்கும். விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துச் சிதைத்த தன் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் நடத்திய வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கொண்டுதான் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

பயந்துகொண்டு வேலையை விட்டுவிடாதே. நல்ல வேலை, போய்ச் சேர். சொந்தமாக வரைந்து வைத்திருப்பதை எல்லாம் சேரும் தேதிக்கு முன்னாலேயே தேதி போட்டுத் தனியாக எடுத்து வை. உன் போர்ட்ஃபோலியோவில் அங்கே செய்த வேலையைக் காட்டிக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொல். பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வா, அண்ணி மீன் குழம்பு வைக்கிறாள். அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அண்ணன்