கோலூன்றித் தாண்டுதல்: ஓட்டம் உயரமாகும் பாடம்

இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுவதற்கு எடுத்துக்காட்டு கேட்டால், மாணவர்கள் மேலே எறிந்த பந்தைச் சொல்வார்கள், ஊஞ்சலைச் சொல்வார்கள். கோலூன்றித் தாண்டுதலை யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயல் வாய்க்காலைக் கம்பு ஊன்றித் தாண்டுவது புதிதல்ல. அதில் கடப்பது அகலத்தை. போட்டியில் கடக்க வேண்டியது உயரத்தை. அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைத் தொடங்க நல்ல பெயர் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது: ரோசி மீனா பால்ராஜ். ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று, பிறகு கோலூன்றித் தாண்டுதலுக்கு வந்தவர். 2022 அக்டோபரில் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் 4.20 மீட்டர் தாண்டினார். அதுவரை 4.15 மீட்டராக இருந்த தேசிய சாதனையை 2014-இல் படைத்தவரும் தமிழகத்தின் வி.எஸ். சுரேகாதான். அதே மாதம் பெங்களூரில் ரோசி மீனா 4.21 மீட்டரைத் தொட்டார். 2023-இல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்கு இதில் இரண்டு பதக்கங்கள்: பவித்ரா வெங்கடேஷுக்கு வெள்ளி, ரோசி மீனாவுக்கு வெண்கலம். இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள்.

ஆசிய அளவில் இந்தப் போட்டியின் உயரம் எது என்று மாணவிகள் கேட்பார்கள். சீனாவின் லி லிங்கைச் சொல்லலாம். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 2014-இல் இன்ச்சியோனில் 4.35, 2018-இல் ஜகார்த்தாவில் 4.60, 2023-இல் ஹாங்சோவில் 4.63 மீட்டர் தாண்டித் தொடர்ந்து மூன்று தங்கம் வென்றவர். மூன்றாவது தங்கத்தின்போது அவருக்கு வயது 34. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பெண்ணுக்கு ஓட்டம் போதும் என்று சொல்லும் பெற்றோரிடம் பேச எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல எண் இல்லை. 2019-இல் அவர் தாண்டிய உயரம் 4.72 மீட்டர்.

4.21-க்கும் 4.72-க்கும் இடையிலுள்ள அரை மீட்டர் எங்கிருந்து வருகிறது? இதைக் கரும்பலகையில் கணக்காகப் போடலாம். ஓட்டத்தின் இயக்க ஆற்றல் முதலில் கண்ணாடி இழைக் கோலை வளைக்கிறது. கோல் நிமிரும்போது அதே ஆற்றல் உடலை மேலே தூக்குகிறது. ஆகவே உயரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் கிடைப்பது. வினாடிக்கு 8 மீட்டர் வேகம் என்றால் 64-ஐ 19.6-ஆல் வகுக்க ஏறத்தாழ 3.27 மீட்டர். ஓடும்போதே இடுப்பு தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதையும் கூட்ட வேண்டும். 4.27 வருகிறது. வேகம் 8.5 ஆனால் 4.69. வினாடிக்கு அரை மீட்டர் வேகம் கூடினால் நாற்பது சென்டிமீட்டர் உயரம்! இது தோராயக் கணக்குதான். கைகளால் கோலைத் தள்ளுவதில் கொஞ்சம் கூடும், கோலை ஊன்றும் குழியில் மோதும்போது கொஞ்சம் குறையும். நிறை இந்தக் கணக்கில் இரு பக்கமும் அடிபட்டுப் போவதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். மெத்தை இல்லாத பள்ளியில் உயரம் தாண்டிப் பார்க்க வைக்கக் கூடாது. மணல் குழி இருக்கிறதே என்ற சமாதானம் நீளம் தாண்டுதலுக்கு மட்டுமே சரி. கோலும் மெத்தையும் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இல்லை என்பதால் இந்தப் போட்டிக்கு ஆளே அனுப்பாமல் விடுகிறோம். ஆனால், இதற்கு ஏற்ற மாணவி யார் என்று பார்க்க இரண்டும் தேவையில்லை.

மைதானத்தில் 40 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். முதல் 20 மீட்டர் வேகம் பிடிக்க. அடுத்த 20 மீட்டருக்கு மட்டும் நிறுத்து கடிகாரம். 2.5 வினாடி என்றால் வேகம் 8, 2.9 என்றால் ஏறத்தாழ 6.9. ஒவ்வொரு மாணவியும் தன் வேகத்தையும் இடுப்பு உயரத்தையும் வைத்துத் தன் உயரத்தைக் கணக்கிடட்டும். பிறகு கம்பியில் தொங்கி, இரு கால்களையும் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்று உடற்கல்வி ஆசிரியர் பார்க்கலாம். இரண்டிலும் தேறும் பிள்ளையின் பெயரையும் நேரத்தையும் எழுதி, கடலூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் சேர்ப்பதற்கு ஒரு தாள் போதும்.