பிள்ளைக்குப் பழஞ்சேலை விரிப்பு

அவலூர்பேட்டைப் பக்கம் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால், பீரோவில் முதலில் தேடுவது பழைய நூல் புடவையைத்தான். கையில் ஒரு மாதம் இருந்தால் அதிலேயே விரிப்பு தைத்துவிடலாம். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலையை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவதுதான்.

முதலில் வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். ஜரிகைக் கரையை வெட்டிவிடுங்கள். பிள்ளையின் தோலில் குத்தும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வேண்டாம். பாலியஸ்டர் கலந்ததும் வேண்டாம், ஈரம் உறிஞ்சாது. நாலு மடிப்பு போதும். அதற்கு மேல் போனால் ஊசியும் இறங்காது, ஐப்பசி மழையில் காயவும் காயாது. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். பித்தான், மணி, குஞ்சம் கூடவே கூடாது. வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணி வையுங்கள். நிறைமாதக்காரி குனிந்து தைக்க வேண்டாம், அது பாட்டியின் வேலை.

பிள்ளை முந்திக்கொண்டு பிறந்துவிட்டதா? ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்து விரியுங்கள், மீதித் தையல் பிறகு ஆகட்டும்.

விழித்திருக்கையில் கீழே விரிக்கத்தான் இது. ஒரு வயது வரை தூங்கும் குழந்தைக்கு மேலே போர்த்தாதீர்கள். முகத்தை மூடி மூச்சுத் திணறலாம்.