மருந்துச் சரக்கில் உலோக நஞ்சு: வியாபாரிகள் அறிய வேண்டியவை



பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுக்கு, திப்பிலி, கடுக்காய் இல்லாத மளிகைக் கடையைக் காண்பது அரிது. பல கடைகளில் அதே அலமாரியில் சூரண டப்பாவும் செந்தூரப் பொட்டலமும் இருக்கும். "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று சொல்லி விற்கிறோம். அது எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆய்வாளர்கள் வாங்கிச் சோதித்தனர். 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. எல்லாம் தெற்காசியாவில் தயாரானவை. 2004இல் இம்முடிவு வெளியானது. பிறகு, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை 2006 ஜனவரி 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பது வரம்பு.

உலோகம் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, மருந்தாகவே சேர்ப்பது. சித்த மருத்துவத்தில் ரசம், லிங்கம், தாளகம் உண்டு. அவற்றைச் சுத்தி செய்து, முறைப்படி முடித்து, மருத்துவர் அளவறிந்து கொடுக்க வேண்டும். கல்லாவில் இருந்துகொண்டு நாம் அளவு சொல்லக் கூடாது.

இரண்டாவது, தானாக ஒட்டுவது. விளைந்த மண், பாய்ந்த நீர், காயவைத்த சாலையோரத்துத் தூசி, அரைக்கும் இயந்திரத்தின் தேய்மானம் இவற்றால் வரும்.

மூன்றாவது, கலப்படம். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈய குரோமேட் பூசுவது இவ்வகை. வங்கதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு எச்சரித்து, மொத்த வியாபாரிகளுக்கு அபராதமும் விதித்தது. 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. சந்தை மனது வைத்தால் கலப்படம் நிற்கும் என்பதற்கு இது சான்று.

ஈயத்தைக் கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. கஷாயமாகக் கொதிக்க வைத்தாலும் போகாது. சிறுகச் சிறுக உடம்பில் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பில் இல்லாத மருந்துச் சரக்கை வாங்காதீர்கள். யாரிடம் வாங்கினோம் என்பதற்கு அதுவே ஆதாரம்.

2. டப்பாவில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். உரிமமின்றித் தயாரித்த சித்த, ஆயுர்வேத மருந்தை இருப்பு வைப்பதும் விற்பதும் குற்றம்.

3. செந்தூரம், பற்பம் போன்றவற்றைப் பிரித்துச் சில்லறையாக விற்காதீர்கள். மருத்துவர் சீட்டுடன் வருபவருக்கு மூடிய டப்பாவாகவே கொடுங்கள்.

4. கடையில் இடித்த பொடிக்குச் "சர்க்கரை வியாதி தீரும்" என்று சீட்டு ஒட்டாதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

5. மொத்த வியாபாரிகள் புது இடத்துச் சரக்கில் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையின் நகலைச் சில்லறைக் கடைகளுக்கும் கொடுக்கலாம்.

6. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்துக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். அந்த விலைதான் சாயம் பூசுபவனுக்குக் கூலி.

பிள்ளைக்கு உரைமருந்து உரைத்துக் கொடுக்கும் தாய் ஆய்வகத்துக்குப் போவதில்லை. நம் கடைக்குத்தான் வருகிறாள். அந்த நம்பிக்கைக்கு உரிய சரக்கையே நாம் எடை போடுவோம்.