தமிழை வைத்தே ஆங்கிலம் படிக்கலாம்

தமிழ்ப்பள்ளியில் 6 வருடம் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் தகராறுதான் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். டியூஷனில் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் சொல்வதும் இதைத்தான். "இனிமே வீட்டுல தமிழே பேசக் கூடாதுன்னு சொல்லிட்டோம் சார்" என்று ஒரு அப்பா பெருமையாகவே சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமையும் கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமையும் படிவம் 4, 5 மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணமும் கட்டுரையும் சொல்லித் தருகிறேன். நான் பார்த்தவரை விஷயம் நேர் எதிர். தமிழ் இலக்கணம் ஒழுங்காகத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீட்டில் தமிழ். இடைநிலைப்பள்ளியில் பாடமெல்லாம் மலாய். நண்பர்களோடு மூன்றும் கலந்த ஒரு பேச்சு. இந்தக் கலவையில் ஆங்கிலத்துக்குள் புகுந்து தொல்லை கொடுப்பது பெரும்பாலும் தமிழ் இல்லை, மலாய்தான். மலாய் மொழியைக் குறை சொல்லவில்லை. அதன் அமைப்பு அப்படி. "செமாலம் சாயா பெர்கி", "எசோக் சாயா பெர்கி": நேற்றானாலும் நாளையானாலும் "பெர்கி" மாறுவதில்லை. காலத்தைச் சொல்ல "சூடா", "ஆக்கான்" என்று தனிச் சொல் வரும். அந்தப் பழக்கத்தில்தான் "எஸ்டர்டே ஐ கோ டு த டெம்பிள்" என்று எழுதுகிறார்கள். "சூடா" தான் "ஐ ஈட் ஆல்ரெடி" என்று வாயில் வருகிறது.

இந்த இடத்தில் தமிழைக் கூப்பிடுங்கள். மாணவன் எழுதியதை அப்படியே தமிழில் சொல்லச் சொல்வேன். "நேத்து நான் கோயிலுக்குப் போறேன்." வகுப்பே சிரிக்கும். யாரும் விதி சொல்லாமலே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. "போனேன்" என்றால் "வென்ட்". இதை நாங்கள் வகுப்பில் "சிரிப்பு வருதா" சோதனை என்று கூப்பிடுகிறோம். சந்தேகம் வந்த வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். சிரிப்பு வந்தால் வினைச்சொல்லைத் திருத்த வேண்டும்.

இதே சோதனை இன்னும் கொஞ்ச தூரம் போகும். "நான் பத்துமலைக்குப் போயிருக்கேன்" என்பதும் "நான் நேத்து பத்துமலைக்குப் போனேன்" என்பதும் வேறு வேறு என்று ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். முதலாவது "ஐ ஹேவ் பீன் டு பத்து கேவ்ஸ்". இரண்டாவது "ஐ வென்ட் டு பத்து கேவ்ஸ் எஸ்டர்டே". பிரசன்ட் பெர்பெக்ட் என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுகிற மாணவி, "போயிருக்கேன்" என்று சொன்னால் தலையாட்டுகிறாள். "தினமும் படிக்கிறேன்", "இப்ப படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்ற வித்தியாசமும் அப்படித்தான்: "ஐ ஸ்டடி", "ஐ ஆம் ஸ்டடியிங்". ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பொருத்திவிட முடியாது. "போயிருந்தேன்" என்பதை நாம் பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துவோம், ஆங்கிலத்தில் "ஹேட் கான்" அவ்வளவு தாராளமாக வராது. அங்கே தமிழை விட்டுவிட்டு ஆங்கில உதாரணங்களைப் படிப்பதுதான் வழி.

அடுத்தது அந்தப் பாழாய்ப் போன "எஸ்". "மை மதர் வொர்க் இன் அ பேக்டரி." எத்தனை முறை வட்டம் போட்டிருப்பேன், கணக்கே இல்லை. தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகின்றன என்று எழுவாய்க்குத் தகுந்த மாதிரி வினையின் வால் மாறிக்கொண்டே இருக்கும். 5 வயதுப் பிள்ளைகூட "அம்மா வர்றான்" என்று சொல்லாது. ஆங்கிலத்தின் நிகழ்காலத்தில் சாதாரண வினைக்கு இருப்பது ஒரே ஒரு வால்தான். அவன், அவள், அது என்றால் மட்டும் "எஸ்". "இவ்ளோதானா அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். இவ்ளோதான். ஏழு வாலை மேய்க்கிறவனுக்கு ஒரு வால் என்ன கஷ்டம்? கரும்பலகையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போட்டால் போதும்.

தமிழும் மலாயும் சேர்ந்து காலை வாருகிற இடங்களும் உண்டு. அங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். "அவர் ஆசிரியர்" என்று தமிழில் முழு வாக்கியம் எழுதலாம், வினையே வேண்டாம். மலாயிலும் "தியா குரு" போதும். அதனால்தான் "மை பாதர் வெரி ஸ்டிரிக்ட்" என்று வருகிறது. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, "இஸ்" கட்டாயம். இதற்குக் குறுக்கு வழி இல்லை. எழுதியபின் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைக்கு அடிக்கோடு போட வேண்டும். அடிக்கோடு போட எதுவுமே இல்லையென்றால் அங்கே ஓட்டை.

எழுவாயும் அப்படித்தான். "வீட்டுக்கு வந்தோம், சாப்பிட்டோம், தூங்கிட்டோம்" என்றால் யார் என்பது "ஓம்" விகுதியிலேயே இருக்கிறது. ஆங்கில வினையில் அந்த விகுதி கிடையாது. அதனால் "வி" என்று எழுவாயை எழுதித்தான் ஆக வேண்டும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று தமிழ்ப்பள்ளியில் படித்த அதே சொற்களை வைத்துத்தான் இதை விளக்குகிறேன். மலாயில் "சுப்ஜெக்", "பிரெடிகாட்" என்று படித்ததைவிட இது பலருக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

"அ", "த" விஷயத்தில் தமிழ் உதவாது என்று பல பேர் நினைக்கிறார்கள். பாட்டி சொன்ன கதையை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. முதல் தடவை "ஒரு", அடுத்த தடவை "அந்த". ஆங்கிலத்திலும் முதல் தடவை "அ கிங்", அடுத்த தடவை "த கிங்". கதைக் கட்டுரையில் வருகிற தவறுகளில் பெரும்பகுதி இதிலேயே சரியாகிவிடும். "த சன்", "த கவர்ன்மென்ட்" மாதிரியானவை இதில் அடங்காது, அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும்.

நம் முன்னோர் இரண்டு மொழியையும் பகையாக நினைக்கவில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலமும் தமிழும் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகளுக்குப் புரியும்படி "இலக்கணச் சுருக்கம்" எழுதியவரும் அவரே. 1872இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காக ஒரு ஆங்கிலப் பள்ளியும் தொடங்கினார். பணத்தட்டுப்பாட்டால் அது நெடுநாள் ஓடவில்லை. பிற்பாடு ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த கிராணிமார் பலரும் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள்.

சரி, கட்டுரைக்கு வருவோம். எஸ்.பி.எம். ஆங்கிலம், 1119, தாள் 2. ஒன்றரை மணி நேரம், மூன்று பகுதி. முதல் பகுதியில் ஒரு மின்னஞ்சலுக்கு 80 சொல் அளவில் பதில். இரண்டாவதில், கொடுத்த குறிப்புகளை வைத்து 125 முதல் 150 சொல். மூன்றாவதில் மூன்று கேள்வியில் ஒன்று, 200 முதல் 250 சொல். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. அந்த 20ஐ உள்ளடக்கம், வாசகருக்குத் தகுந்த நடை, ஒழுங்கமைப்பு, மொழி என்று நான்காகப் பிரித்து, தலா 5 கொடுக்கிறார்கள். இதைக் கவனியுங்கள்: மொழிக்கு உள்ளது நாலில் ஒரு பங்குதான். மின்னஞ்சலில் நண்பன் மூன்று கேள்வி கேட்டிருக்க, இரண்டுக்கு மட்டும் பதில் எழுதினால் இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளடக்கத்தில் அடி விழும். முதல் பகுதிக்கு 15 நிமிடம், இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 45 என்று நான் பிரித்துக் கொடுக்கிறேன்.

மாணவர்கள் நம்பியிருப்பது வேறு. ஒன்று, மனப்பாடக் கட்டுரை. "ஒன் பைன் சன்னி டே, த பேர்ட்ஸ் வேர் சிர்ப்பிங்" என்று ஆரம்பித்து, கேள்வி எதுவாக இருந்தாலும் அதையே ஒட்டிவிடுவது. இன்னொன்று, "பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ்" பட்டியல். "பிளெத்தரா", "மிரியட்" இரண்டும் இல்லாமல் கட்டுரையே கிடையாது என்று ஒரு நம்பிக்கை. அந்தச் சொல்லைச் சுற்றியிருக்கிற வாக்கியம் நொண்டுகிறதே, அதை யார் பார்ப்பது?

கிள்ளான் வகுப்பில் ஒரு மாணவி தைப்பூசத்தைப் பற்றி எழுதியிருந்தாள். "மெனி பீப்பள் கோ டு பத்து கேவ்ஸ். எவ்ரிபடி வெரி ஹேப்பி." 272 படி, பெரிய முருகன் சிலை, வெள்ளி ரதம் எல்லாம் இருந்தது. இது யார் வேண்டுமானாலும் எழுதுகிற கட்டுரை. "நீ அன்னிக்கு என்னம்மா பண்ண?" என்று தமிழில் கேட்டேன். "தண்ணீர்ப் பந்தல்ல நின்னேன் அண்ணே. ராத்திரி ரெண்டு மணிக்கு மோர் தீர்ந்துபோச்சு. ஒரு பாட்டி வெறும் கப்ப நீட்டிக்கிட்டே நின்னாங்க." அதை எழுது என்றேன். "இதெல்லாம் எழுதலாமா?" என்றாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுவாயைக் கண்டுபிடித்து, வினையை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். "அட் டூ இன் த மார்னிங், வி ரேன் அவுட் ஆப் பட்டர்மில்க். அன் ஓல்ட் லேடி வாஸ் ஸ்டில் ஹோல்டிங் அவுட் ஹெர் கப்." பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு அந்தப் பாட்டி தெரிகிறார். அடுத்த வாக்கியம் என்ன என்று நான் சொல்லவே இல்லை, அவளே எழுதினாள்.

நம் பிள்ளைகளிடம் விஷயம் இல்லாமல் இல்லை. விஷயம் தமிழில் இருக்கிறது. "தமிழே பேசாதே" என்று கதவைச் சாத்தினால் விஷயமும் சேர்ந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. எழுதுவதற்கு முன் 5 நிமிடம் தமிழில் பேசவிடுங்கள், குறிப்பையும் தமிழிலேயே எழுதட்டும். வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் பிறக்கட்டும். தமிழில் முழுக் கட்டுரை எழுதி அதை மொழிபெயர்க்க வேண்டாம். வினை கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வாக்கியமும் நீண்டுகொண்டே போகும்.

இளைஞர் மன்றங்களில் டியூஷன் நடத்துகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நோட்டு முழுக்கச் சிவப்பு மை வேண்டாம். ஒரு வாரம் காலம் மட்டும் திருத்துங்கள், அடுத்த வாரம் "எஸ்" மட்டும், அதற்கடுத்த வாரம் "அ", "த". திருத்திய கட்டுரையையே திரும்ப எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு புதுக் கட்டுரையைவிட ஒரே கட்டுரையை இரண்டு தடவை எழுதுவதில்தான் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இந்த வாரப் பயிற்சி இது. "லாஸ்ட் தீபாவளி மை அங்கிள் கம் ப்ரம் பினாங்கு. ஹீ பிரிங் டாக். டாக் வெரி பிக். மை லிட்டில் சிஸ்டர் ஸ்கேர்ட் அண்ட் ரன்." முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்க. வினைக்கு அடிக்கோடு போடுங்க. வினையே இல்லாத வாக்கியம் ஒன்று இருக்கிறது. "ஒரு", "அந்த" எங்கே வரும் என்று பாருங்க. பிறகு அந்தத் தங்கச்சி எங்கே ஓடி ஒளிந்தாள் என்று இன்னும் மூன்று வாக்கியம் நீங்களே சேர்த்து எழுதுங்க.