சிமெண்ட் மூட்டையை இன்னும் பிரிக்கவில்லையே?

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் வந்தது, படங்களும் வந்தன. தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் தாத்தா வீட்டின் சுவர், வாசலின் தேக்குக் கதவு, தாத்தா கையால் செய்த தோணி பொம்மை என்று மூன்று வேலைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பனிமய மாதா திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்குவதற்குள் மூன்றும் முடியுமா என்பது உங்கள் கேள்வி. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, லீவு நாளில்தான் கரண்டியைத் தொட முடியும் என்கிறீர்கள். அதற்குள் சிமெண்ட் வேறு வாங்கி அடுக்கியாயிற்று.

அந்த மூட்டைகளைப் பின்கட்டில் துணி துவைக்கும் மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சு உதிர்ந்த இடத்தை நீங்கள் கிட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி இருந்தால் நீங்களும் பாருங்கள். சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் நெருக்கமாகத் தெரிந்தால் அது பவளக்கல். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தக் கல் அபூர்வம் இல்லை. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து சுவருக்கும் அடுக்கினார்கள், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். உடம்பெல்லாம் துளையுள்ள கல். வெயிலைத் தாங்கும், எடை குறைவு. ஆனால் ஈரத்தைக் குடிக்கும். ஈரத்தோடு உப்பையும் குடிக்கும்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடல்காற்று கொண்டுவந்து ஒட்டுவது ஒரு வழி, தரையிலிருந்து ஈரத்தோடு ஏறுவது இன்னொரு வழி. உங்கள் சுவர் இடுப்பளவுக்குத்தான் பொரிந்து கொட்டுகிறது, அதற்கு மேலே கல் நன்றாகவே இருக்கிறது. ஆகையால் தரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் அது சுவருக்குள் இருந்து வருவது. வெளிப்பக்கம் என்றால் காற்றில் இருப்பது.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துபோகும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் ஊரில் ராத்திரியும் விடியற்காலையும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலே, மத்தியானம் கீழே. ஆகவே கல்லின் துளைகளுக்குள் உப்பு கரைவதும் உறைவதும் வருஷம் முழுவதும் ஓயாமல் நடக்கிறது. உறையும்போதெல்லாம் துளையை நெட்டித் தள்ளுகிறது. கல் பொடியாவது இதனால்தான். உங்கள் சுவர் நிமிர்த்தி நிறுத்திய உப்பளப் பாத்தி. குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்தில். பாத்திக்கு வாய்த்த வெயிலும் காற்றும் சுவரை மட்டும் விட்டுவிடுமா?

இதன்மேல் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். கொத்தனாரைப் புகழ்வீர்கள். ஆனால் சிமெண்ட் வழியாக ஈரம் எளிதில் வெளியேறாது. உள்ளே ஏறிய தண்ணீர் வழி தேடி இன்னும் உயரப் போகும், உப்பு கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவில் படியும். சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் மெதுவாக இதே வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் போனமுறை அடித்த 'டேம்ப் புரூஃப்' சமாச்சாரம் கொப்பளித்து நிற்பதைப் படத்தில் பார்த்தேன். அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கரையில் எதைச் செப்பனிட உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உப்பு எதையாவது தின்னத்தான் போகிறது, அதற்கு எதைக் கொடுக்கலாம்? கல்லைக் கொடுக்க முடியாது. சுண்ணாம்புப் பூச்சைக் கொடுக்கலாம். பூச்சு மூச்சு விடும், ஈரத்தை வெளியே விடும், உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மெல்ல உதிரும். உதிர்ந்த இடத்தில் நீங்களே மறுபடி பூசலாம். கெட்டுப்போவதற்கென்றே பூசுகிற பூச்சு அது. நம் தாத்தாக்கள் வருஷாவருஷம் வெள்ளையடித்ததில் அழகுக்கு மேல் இந்தக் கணக்கும் இருந்தது.

கல்லை ஏன் கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொடிந்த நாலு கல்லை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், கரையில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கலாமா என்றும். கூடாது. பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும். சட்டம் கிடக்கட்டும், கடலில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துத்தான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். ஒன்று கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி, மற்றொன்று நம் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி. அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டி எடுத்ததற்கு இதில் பெரிய பங்கு. வான் தீவும் அதே வழியில் சுருங்கிக்கொண்டு போனது. கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து கடலில் இறக்கித்தான் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவர் அந்தப் பாறையில் ஒரு துண்டு. இனி வராத சரக்கு. பொடிந்த குழிகளைச் செங்கல் சில்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து அடையுங்கள், போதும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தளர்ந்த பூச்சைத் தட்டி எடுங்கள். வெளியே பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த தாளில் பிடியுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு காகிதக்கூழ் வைத்தியம். அச்சு மை இல்லாத வெள்ளைத் தாளைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் விரல் தடிமனுக்கு அப்புங்கள். காய்கிறபோது அது உப்பை வெளியே இழுக்கும். காய்ந்ததும் உரித்துவிட்டுப் புதுக்கூழ். உரித்ததில் ஒரு பிடியை எடுத்து ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ஆர்.ஓ. மெக்கானிக் கையில் வைத்திருப்பாரே டி.டி.எஸ். மீட்டர், அதை முக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே அளவு கூழ், அதே டம்ளர். எண் இறங்கிக்கொண்டே வரும். இறங்குவது நின்றதும் நீங்களும் நிறுத்தலாம். இதைப் பாதி வேலை என்று யாரும் மதிப்பதில்லை. எனக்கு இதுதான் முழு வேலை, பூச்சு அப்புறம் வரும் சடங்கு.

சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குங்கள். பவளமும் கிளிஞ்சலும் முத்துச்சிப்பியும் அடிப்படையில் ஒரே கால்சியம் கார்பனேட்தான். இங்கே கடைசி முத்துச்சலாபம் நடந்து முடிந்தது 1961-இல். சிப்பியை வருஷக்கணக்கில் அள்ளிய ஊரில் இன்று சுண்ணாம்பை விசாரித்துத் தேட வேண்டியிருப்பது காலக்கோலம். சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றப் போகிறீர்கள் என்றால் கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகக் கூடாது. தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்யுங்கள். நீற்றியதைத் தண்ணீருக்கு அடியில் எவ்வளவு நாள் கிடக்க விடுகிறீர்களோ அவ்வளவு வெண்ணெயாக இழையும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். கஷ்டப்பட்டு வெளியே எடுத்த உப்பைத் திரும்ப உள்ளே வைத்ததாகும். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு ஊறப்போட்டு, புளித்த தண்ணீரை வடித்துச் சாந்தில் சேர்க்கும் பழைய முறையைக் கேட்டிருந்தீர்கள். சாந்து இழைவாக வரும், பிடிப்பும் நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் முதல் சுவருக்கு அது இல்லாமலே பழகுங்கள், எறும்பு உபத்திரவமும் மிச்சம். முட்டை வெள்ளைக்கரு எல்லாம் செட்டிநாட்டு வீட்டுப் பளபளப்புக்கு. நீங்கள் ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள்.

சுவரை நனைத்துக்கொண்டு பூசுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். முதல் பூச்சு இறுகிய பிறகு அடுத்தது. இந்த இடத்தில்தான் உங்கள் திருவிழாக் கணக்கு உதைக்கிறது. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றில் உள்ள கரியமில வாயுவைக் குடித்துக் கல்லாகிறது. அதற்கு லேசான ஈரம் வேண்டும், உள்வரைக்கும் இறுக மாதங்கள் பிடிக்கும். ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடிகிற திருவிழா, மேல்காற்று அனலாக அடிக்கிற காலத்தில் வருகிறது. அந்தக் காற்றில் பூசினால் சாந்து அரைகுறையாகக் காய்ந்து மாவாக உதிரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கட்டும். அப்போது பூசி, முன்னால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு வையுங்கள். இந்தத் திருவிழாவுக்கு உப்பை எடுப்பதும் நல்ல பாகத்துக்கு வெள்ளையடிப்பதும் போதும். சொந்தக்காரர்கள் கேட்டால் சுவர் வைத்தியத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கதவுக்கு நேரம் இருக்கிறது, அதைத் திருவிழாவுக்குள் முடிக்கலாம். ஆனால் பல தலைமுறை பெயிண்ட் அதில் ஏறியிருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். ஆகவே பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்கவும் செய்யாதீர்கள். முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியில் ஒற்றி எடுங்கள். மரம் தெரிந்ததும் ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக, துணியால் தேய்த்து. பளபளக்கும் பாலியூரித்தேன் வேண்டாம். அது ஓரிடத்தில் விரிசல் விட்டால் முழுக்கச் சுரண்ட வேண்டும், எண்ணெய் என்றால் மங்கிய இடத்தில் மறுபடி தேய்த்தால் தீர்ந்தது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். வள்ளத்துக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கதவுக்கும் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோலைப் பொத்துவிடும் சரக்கு அது. பிள்ளைகள் கைவைக்கிற கதவுக்கு ஆகாது. பழைய இரும்பு ஸ்குரூக்களுக்குப் பதில் பித்தளை போடுங்கள்.

பட்டியலில் இல்லாவிட்டாலும் ஜன்னல் கம்பித் துருவைப் பற்றியும் சுருக்கமாக. நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, கம்பி பிரஷ் போட்டு, கடுக்காய்க் கஷாயத்தைத் தடவுங்கள். அதிலுள்ள துவர்ப்பு துருவோடு சேர்ந்து கறுப்பாக இறுகும். அதன்மேல் பிரைமர்.

தோணி பொம்மைதான் எனக்கு ஆசையாக இருக்கிறது. நீங்கள் அதைக் கடைசியில் எழுதியிருந்தாலும் நான் முதலில் பார்த்தது அந்தப் படத்தைத்தான். பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணிகள் பிற்காலத்தில் என்ஜின் ஏறி மாலத்தீவுக்கு ஓடுகின்றன. ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலைப் படித்திருந்தால் அந்த உலகம் எவ்வளவு பெரியது என்று தெரியும். உங்கள் தாத்தா பாய்மரத்தையும் கயிறுகளையும் கண்ணால் கண்டு செய்தவர். அதனால் ஒரு முடிச்சையும் அவிழ்ப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். தூசியை மென்மயிர் பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். வார்னிஷ் வேண்டாம். இற்றுப்போன கயிறுகளை மாற்றத்தான் வேண்டும். மாற்றியதைப் பழையதுபோல் சாயம் ஏற்றி மறைக்காதீர்கள், எது தாத்தாவுடையது எது உங்களுடையது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும். பழைய கயிறுகளை ஒரு டப்பாவில் போட்டுப் பொம்மையோடு வையுங்கள்.

மூன்றாவது படத்தில் முன்மரத்திலிருந்து ஒரு கயிறு எதிலும் கட்டாமல் தொங்குகிறது. அறுந்ததா, அப்படித்தான் விட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாய்த்தோணி ஓட்டிய தண்டல் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அப்படியே எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்